அலமாரியின் இரண்டாவது தட்டு

காரைக்குடியில் அந்த டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதன் இரண்டாவது தட்டில், ஒரு பெரிய பாட்டிலுக்குள், கொஞ்ச காலம் நான் இருந்தேன். நான் என்றால், என் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த கட்டியும் அது ஒட்டியிருந்த கர்ப்பப்பையும். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் என் பெயர், வயது, ஊர், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பெயர், கடைசியில் ‘திருமணம் ஆகாதவர்’ என்பது வரைக்கும் டைப் அடித்திருந்தார்கள். தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவர்கூட அதைப் படித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, கண் இருட்டுவதில்லை. குமட்டல் மட்டும் போகவில்லை. அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்து மூன்று வயது. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் மேல் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்த அண்ணன் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். கல்யாணம் அமையவில்லை. அதில் எனக்கிருந்த வருத்தத்தைவிட ஊருக்கிருந்த வருத்தம் பெரிது. அண்ணன் முத்தையாவுக்கு விவசாயம். மழை பொய்த்த வருஷங்களில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மாத விலக்கு நாட்கள் நீண்டுகொண்டே போயின. வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கப் பயம், பின்னால் என்ன தெரியுமோ என்று. அரக்கிலும் கறுப்பிலும் சேலை தேடிக் கட்டினேன். போதாததற்கு அடிவயிறு மெல்ல மேடிட ஆரம்பித்தது. முந்தானையை இழுத்துச் சொருகி மறைத்தேன். மறைக்க மறைக்க எல்லார் கண்ணும் அங்கேயே போனது. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. ஒருநாள் ஒரு டீச்சர், “புளிப்பா ஏதாச்சும் வேணுமா சிவகாமி?” என்று மாங்காய்க் கீற்றை நீட்டினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அண்ணன் மனைவி மீனாள் மதினிக்கு நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எதுக்கு இப்புடி ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்கிறே? நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். உங்க அண்ணன்கிட்ட வயித்து வலின்னு மட்டும் சொல்லிக்கிறேன்” என்றாள். இந்தக் கதை முழுவதிலும் அவள் ஒருத்திதான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு நிமிஷமாவது யோசித்தவள்.

அந்த டாக்டர் ஒரு பழைய பெரிய வீட்டை வாங்கி ஆஸ்பத்திரியாக்கியிருந்தார். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று நடத்துவதற்காகக் கட்டிய வளவு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தூண்கள், தூணுக்குத் தூண் பெஞ்சு. எந்த மூலையில் பேசினாலும் மற்ற எல்லா மூலைக்கும் கேட்கும். கல்யாண வீட்டுக்கு அது பெருமை. ஆஸ்பத்திரிக்கு அது என்ன என்பதை முதல் நாளே பார்த்தோம். கம்பவுண்டர் கதவருகில் நின்று நோயாளிகளைக் கூப்பிட்டான். பெயர் சொல்லி அல்ல.

“மூலம் யாரு? மூலம் இங்குட்டு வாங்க! விரைவீக்கம் அங்குட்டுப் போயி உக்காருங்க! பெரும்பாடு, பெரும்பாடு கேஸ் யாரு?”

பெரும்பாடு என்றால் மாதப்போக்கு அளவுக்கு மீறிப் போவது. அது நான். எழுந்தேன். எதிர்ப் பெஞ்சில் என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார், பிறகு வணக்கம் சொன்னார்.

மதினி விடவில்லை. “ஏன் தம்பி, சீட்டுல பேரு இருக்கில்ல? பேரச் சொல்லிக் கூப்புட்டா வாய் வெந்துருமா?”

“ஒரே பேருல நாலு பேரு வருவாகக்கா. வியாதியச் சொன்னாத்தான் குழப்பமில்லாம எந்திரிப்பாக” என்றான் அவன், ஏதோ நல்ல யோசனை சொன்னவனைப் போல.

உள்ளே பரிசோதனை மேஜை கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்தபோதெல்லாம் முற்றத்துப் பெஞ்சுகள் எனக்குத் தெரிந்தன. எனக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். டாக்டர் கை கழுவிக்கொண்டே மதினியைக் கேட்டார், “ஆம்பள யாரும் வரலையா? வரச் சொல்லுங்க, பேசணும்.” மேஜையில் நான் படுத்திருந்தேன். படித்தவள், சம்பாதிக்கிறவள், அந்த வயிற்றின் சொந்தக்காரி. என்னிடம் பேச அவருக்கு ஒன்றும் இல்லை.

மறுவாரம் அண்ணன் வந்தார். என்னிடம் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: “கட்டிம்மா. எடுத்துட்டாச் சரியாப் போயிரும்.” மற்றதை அண்ணனை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். அது நார்க்கட்டி. கர்ப்பப்பையின் சுவரில் தசையும் நாரும் உருண்டு திரண்டு வளரும் கட்டி. புற்று அல்ல. எத்தனையோ பெண்களுக்கு வருகிறது. சிறியதாக இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு வந்தது பெரியது, ரத்தத்தையெல்லாம் வடித்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நானே பின்னால் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரியாததால், புற்றுநோய் என்றும் அதைத்தான் மறைக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணை மூடினால் சாவு பயம். ஒரு வாக்கியத்தில் போக்கியிருக்கக்கூடிய பயம் அது.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டார். வயிறு என்னுடையது, கையெழுத்து அவருடையது.

ரத்தம் ஏற்றிய பிறகுதான் அறுக்க முடியும் என்று முன்னதாகவே படுக்க வைத்தார்கள். பெண்கள் கூடத்தில் கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு கிடையாது. விசாரிக்க வந்த ஆண்கள் எல்லாக் கட்டில்களையும் பார்த்துக்கொண்டே நடந்து, தங்கள் கட்டிலுக்கு வந்து சேர்வார்கள். மதினி வீட்டுக்குப் போய்த் தன் கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பிக்கும் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பிக்கும் இடையில் கட்டினாள். அரக்குக் கட்டம் போட்ட அந்தச் சேலைக்குப் பின்னால் எனக்கு ஒரு வீடு கிடைத்தது. டாக்டர் சுற்றி வரும் நேரமெல்லாம் நர்ஸ் அதை அவிழ்த்துக் கீழே போடுவாள். அவர் போனதும் மதினி உதறி மறுபடியும் கட்டுவாள். ஒரு நாளும் சலிக்கவில்லை.

ஆபரேஷன் எனக்கு ஞாபகமில்லை. விழித்தபோது தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தரக்கூடாதாம், மதினி ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தாள். வலி பொறுக்கக்கூடியதாக ஆனதும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக உறவுகள் வந்தன. தூரத்துப் பெரியம்மா ஒருத்தி கட்டிலிலேயே உட்கார்ந்து என் தலையைத் தடவினாள்.

“விடு தாயி, கர்ப்பப்பை போனாப் போகுது. உசுரு தங்குச்சில்ல? டாக்டரு தட்டுல வச்சுக் கொண்டாந்து காட்டுனாரு பாரு, ஆத்தாடி, பரங்கிக்கா மாதிரி! எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல.”

கர்ப்பப்பை போய்விட்டது என்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது. சாத்துக்குடித் தோல் வாசனைக்கு நடுவில். மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“தையல் பிரிச்சப்புறம் சொல்லிக்கிருவோம்னு உங்க அண்ணன்தான் சொன்னாக. நீ மனசு விட்டுருவேன்னு பயந்துட்டாக.”

“தட்டில் காட்டினாரா?”

எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாராம். அறுத்தது உண்மை, எடுத்தது உண்மை என்று வீட்டாருக்கு நிரூபிக்க வேண்டுமே. கையுறையைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக்கு வந்து, “சிவகாமி வீட்டு ஆளுக யாரு? வந்து நல்லாப் பாத்துக்கங்க” என்றாராம். எங்கள் வீட்டார் மட்டுமா எழுந்தார்கள்? அடுத்த கட்டிலுக்கு விசாரிக்க வந்தவர்கள், மருந்துக்குக் காத்திருந்தவர்கள், எல்லாரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டத்தின் முன்வரிசையில் எங்கள் பள்ளித் தாளாளர் நின்றிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தை நடத்துகிறவருக்கு என் ஆபரேஷன் அன்று அங்கே என்ன வேலை? அதை அவரே வந்து சொன்னார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். கூடம் முழுக்கக் கேட்டது.

“இனிமே ஒண்ணுக்கும் கவலப்படாதீக டீச்சர். பள்ளிக்கூடத்துல உங்களப் பத்தி ஒரு மாதிரியாப் பேசிக்கிட்டாக. கமிட்டியில வேலையவிட்டு எடுக்கணும்னுகூட ஒருத்தர் சொன்னாரு. நான் டாக்டருக்கு டெலிபோன் போட்டு நேராவே கேட்டுட்டேன், கர்ப்பமா கட்டியான்னு. ஆபரேசன் அன்னைக்கு வந்து கண்ணாலயே பாத்துக்கங்கன்னுட்டாரு. பாத்துட்டேன். கட்டிதான்! இனி எவன் வாயத் தொறக்கிறான்னு பாப்போம்.”

நான் நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்கு வாந்தி வந்தது. மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போல என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

பில் வந்த அன்று அண்ணன் அதை என் கண்ணில் படாமல் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் வருத்தப்படக் கூடாதாம். அவர் பாசத்தை நினைத்து அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் ரகசியமாகக் காப்பாற்றப்பட்டவை, என்னிடமிருந்து மறைத்தவை மட்டும்தான்: கட்டியின் பெயர், என் கர்ப்பப்பை, இப்போது அந்தக் கடுதாசி.

தையல் பிரித்த அன்று டாக்டரின் அறையில் பாட்டிலைப் பார்த்தேன். அவரே சந்தோஷமாகக் காட்டினார். “இந்தச் சுத்துவட்டாரத்துல இம்புட்டுப் பெரிசு எவனும் எடுத்ததில்ல.” உள்ளே மருந்துத் தண்ணீரில் வெளிறிப்போய், முண்டும் முடிச்சுமாக அது கிடந்தது. மேலே என் பெயர்.

எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் இப்படிப் பாட்டில்கள் உண்டு. தவளை, தேள், ஒரு நல்லபாம்புக் குட்டி. சீட்டு எழுதி ஒட்டியது நான்தான். பாம்புக்குக்கூடப் பாம்பு என்று மட்டும்தான் எழுதினேன். எந்த வீட்டில் பிடித்தது என்று எழுதவில்லை.

“பேரையாவது கிழிச்சிருங்க டாக்டர்” என்று கேட்டேன்.

“பேரில்லாட்டி எவன் நம்புவான்? மதுரையில இருந்து வாங்கியாந்து வச்சிருக்கான்பான்” என்று சிரித்தார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பார்த்ததை ஒவ்வொருவராக என்னிடம் வந்து சொல்லவும் செய்தார்கள், ஏதோ என் மகனின் பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் போல. மாங்காய் நீட்டிய டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவளும் பார்த்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் தவளைப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, சூதுவாது இல்லாமல் கேட்டது: “உங்க பாட்டிலும் இதே தண்ணியிலதான் இருக்கா டீச்சர்?”

அன்றைக்கு முடிவு செய்தேன், அதை எடுத்துவிட வேண்டும் என்று. தாளாளரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

“என்ன டீச்சர் இது? அது அங்க இருக்கிறது உங்களுக்குத்தான நல்லது? நாளைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தா நான் எதக் காட்டுவேன்? அத எடுத்தீகன்னா கமிட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது. வேலை போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

ஆக, என் நல்ல பெயர் அந்தப் பாட்டிலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. நான் ஒழுக்கமானவள் என்பதற்கு என் கர்ப்பப்பை சாட்சி. அது அலமாரியை விட்டு இறங்கினால் எனக்கு வேலை இல்லை. அண்ணனும் அவர் பக்கம்தான். “இருந்துட்டுப் போகட்டுமே ஆத்தா. நாலு பேரு பாத்தாத்தான நாலு பேரு வாய அடைக்கலாம்?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த வருஷமும் மழை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலிடம் போனேன். கட்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடத்திலேயே கேட்டார், “சத்தமாச் சொல்லுங்கம்மா, காது கொஞ்சம் மந்தம்.” சொன்னேன். கட்சிக்காரர்கள் தங்கள் வழக்குகளை மறந்துவிட்டுக் கேட்டார்கள்.

“உங்களப் பத்திப் பொய்யா எழுதி ஒட்டியிருந்தா மானநஷ்டம் போடலாம். இது உண்மையாச்சே! உண்மைய எழுதுனவன்மேல என்னன்னு கேஸ் போடுறது? வீடு, நெலம்னாலும் பத்திரம் பட்டா இருக்கும். வயித்துல இருந்து எடுத்ததுக்கு என்ன பட்டா இருக்கு?” என்றார். குமாஸ்தா சிரித்தார். நான் வெளியே வந்து வெயிலில் நின்றேன். டாக்டரிடம் போனால் வேலை கொடுக்கிறவருக்குத் தெரிகிறது, வக்கீலிடம் போனால் ஊருக்குத் தெரிகிறது. இனி மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அது தெளிவானதும் பயம் விட்டுப்போனது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மதினியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முற்றத்தில் நல்ல கூட்டம். கம்பவுண்டர் “மூலம்!” என்று ஆரம்பித்ததும் நானும் எழுந்தேன். கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரிப் பேசுவது என் தொழில். அந்த வளவும் எனக்குக் கை கொடுத்தது.

“உள்ள அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்கிறது நான்தான். பேரு, ஊரு, வேலை எல்லாம் எழுதியிருக்கு. போறவுக பாத்துட்டுப் போங்க. உங்களுக்கும் பாட்டில் வைப்பாக. அதுனால பேரையும் ஊரையும் தப்பில்லாமச் சொல்லுங்க” என்றேன்.

பக்கத்திலிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, “உங்களுக்கு என்ன எடுக்கப்போறாக? பேரு என்ன?” என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி. தூணோரம் நாற்காலியில், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் காரில் வந்திருந்த ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். வைரத்தோடு மின்னத் தலையைத் திருப்பிக் கம்பவுண்டரைக் கேட்டார்.

“எம் பேரையும் எழுதி வைப்பீகளோ?”

கம்பவுண்டர் டாக்டரின் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“டிரைவர், வண்டிய எடு. மதுரைக்கே போயிக்கிருவோம்.”

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. “நீங்க படிச்சவுக. இப்புடிப் பண்ணலாமா? உங்க உசுரக் காப்பாத்துனவன் நான்.”

“உசுருக்குக் கும்புடுறேன் டாக்டர். பாட்டிலக் குடுங்க.”

அவர் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். விட மனமில்லாமல், “கண்ணாடி ஆஸ்பத்திரியோடது” என்றார்.

“கழுவிக் கொண்டாந்து தாரேன்” என்றாள் மதினி. கட்டிலைச் சுற்றிக் கட்டிய அதே கண்டாங்கிச் சேலையை விரித்துப் பாட்டிலைச் சுற்றினாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எனக்குள் இருந்தபோது கனத்ததைவிட அதிகம் கனத்தது.

தாளாளருக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. “எங்க அது?” என்றார்.

“என்கிட்ட இருக்கு ஐயா.”

“கமிட்டி கேட்டா?”

“நான் நடத்துற பாடத்தப் பத்திக் கேக்கட்டும், பதில் சொல்றேன். என் வயித்தப் பத்திக் கேக்க கமிட்டிக்கு உரிமை இல்ல.”

வருஷக் கடைசியில், அடுத்த வருஷத்துக்கு எனக்கு இடம் இல்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அதை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தது. சில மாதங்கள் வீட்டில் கஷ்டப்பட்டோம். பிறகு காளையார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில், “முன்ன உடம்புக்கு என்னமோன்னு கேள்விப்பட்டோம்?” என்றார்கள். “இப்ப நல்லா இருக்கேன்” என்றேன். மேலே கேட்பார்களோ என்று காத்திருந்தேன். தலைமையாசிரியை என் சான்றிதழ்களைத் திருப்பித் தந்துவிட்டு எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்டார்.

இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு மதினி கேட்டாள், “இம்புட்டையும் எழுதுறியே, இப்ப மட்டும் ஊருக்குத் தெரியலாமா?” நானாகச் சொல்கிறேன் மதினி, யாரும் தட்டில் வைத்துக் காட்டவில்லை என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

கழுவிய பாட்டிலை, தான் சொன்னபடியே, அவள் அப்போதே டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்ததை மண்ணில் புதைத்தோம். அவளும் நானும் மட்டும் போனோம். அண்ணன் கேட்டார், உறவுகள் கேட்டார்கள், பழைய பள்ளி டீச்சர்கள்கூட வழியில் பார்த்தால் கேட்கிறார்கள், எங்கே என்று. இதுவரை இதைப் படித்து வந்த உங்களுக்கும் கேட்கத் தோன்றும்.

சொல்ல மாட்டேன்.